ஈப்போவின் ஒன்பது, மேடானின் ஒன்பது

தம்பி,

நேற்று ஜகார்த்தாவிலிருந்து கூப்பிட்டபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "காலம் பூரா உலக நேரம் பாத்து வேலை செஞ்சவரு நீங்க. இது எப்படிப்பா உங்களுக்குத் தோணாமப் போச்சு?" நான் லைன் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. என்னிடம் பதில்தான் இல்லை. எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் சில நேரம் வரும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது தெளிந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

நேற்றுவரை நிலைமை இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை மேடானில் உனக்கும் ரத்னாவுக்கும் கல்யாணம். பத்திரிகை இங்கேயும் அடித்தாயிற்று, அங்கேயும் அடித்தாயிற்று. இரண்டிலும் முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்து. இங்கே அடித்தது ஈப்போவின் ஒன்பது, அங்கே அடித்தது மேடானின் ஒன்பது. இரண்டும் வேறு வேறு நாட்டுக் கடிகாரம், நடுவில் ஒரு மணி நேரம் கிடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்காக அம்மா விமானம் ஏறமாட்டேன் என்கிறாள். சம்பந்தி வீட்டார் நேரத்தை மாற்றமாட்டோம் என்கிறார்கள். நீயோ, இரண்டு வீடும் வேண்டாம், நாங்களே போய்ப் பதிவு செய்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டாய். அம்மா இல்லாத மேடையில் நீ உட்காருவதை நினைத்தாலே, அந்த வேளையில் ஈப்போவில் இந்தப் புந்தோங் வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவள் முகம்தான் எனக்கு வருகிறது.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வரிசையாக வைத்தால்தான் எனக்குப் புரியும். நான் ஈப்போ விமான நிலையத்துப் பக்கத்தில் வானிலை பார்க்கும் வேலையில் இருந்தேன். புல்வெளியின் நடுவே பலகணிச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டி. அதற்குள் வெப்பமானிகள், ஒன்றுக்கு ஈரத்துணி சுற்றியிருக்கும். காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து படித்து, மேகத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, எல்லாவற்றையும் எண்களாக மாற்றி அனுப்ப வேண்டும். நம் எட்டு மணிதான் உலக நேரத்துக்குப் பூஜ்ய மணி. அதே வேளையில் பாலைவனத்தில் ஒருவன், பனிப் பிரதேசத்தில் ஒருவன், நடுக்கடலில் கப்பலில் ஒருவன், யார் யாரோ அவரவர் பெட்டியைத் திறந்து படித்துக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு அது நட்டநடு ராத்திரி. அவர்களுடைய அரசாங்கங்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கலாம், எல்லையில் துப்பாக்கியோடு நிற்கலாம். எண்கள் போய்க்கொண்டே இருக்கும். யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை. மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளிலேயே மிகவும் நாகரிகமானது இதுதான் என்று நான் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் சொன்னதில்லை. சொன்னால் யாராவது மறுத்துப் பேசுவார்கள், எனக்குப் பதில் வராது.

ஒரு பள்ளி விடுமுறையில் உன்னை அங்கே கூட்டிப் போயிருந்தேன். நீ வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "நம்ம மழைய ஏன்பா அடுத்த நாட்டுக்குச் சொல்லணும்?" என்று கேட்டாய். "அவங்க மழைய அவங்க நமக்குச் சொல்றாங்க இல்ல?" என்றேன். பெட்டியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அவங்க பொய் சொன்னா?" என்றாய். எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது, நான் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதுதான் என் பதில். மறுநாள் எங்கள் மேலதிகாரியிடம் இதைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொய் சொன்னா மறுநாளே மாட்டிக்குவான்லா. அவன் ஊர்ல மழை இல்லன்னு சொல்லுவான், மேகம் பக்கத்து ஊருக்கு வந்து கொட்டிட்டுப் போயிடும்." பிறகு வாசலைப் பார்த்தபடி, "ஆனா பெரிய போர் வந்துச்சுன்னா மொதல்ல மறைக்கிறதும் இதத்தான்" என்றார். இந்த இரண்டு வாக்கியங்களில் எதை உன்னிடம் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் சொல்லாமலே விட்டுவிட்டேன். இன்றுவரை அவை இரண்டும் எனக்குள் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்றையொன்று அடித்துத் தள்ளவும் இல்லை.

பிறகு நீ படித்து, இந்த வட்டார நாடுகளுக்குப் பொதுவான ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாய். காட்டுப் புகையைப் பற்றிப் பேசும் பிரிவு என்று சொன்னபோது அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கடலுக்கு அந்தப் பக்கம் காட்டைக் கொளுத்தி, அந்தப் புகை அடர்ந்த வருடங்களில் இங்கே நமக்கு எதிரே நிற்கும் சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று எழுத அந்த மலைகள்தான் எனக்கு அடையாளம். மலை தெரியவில்லை என்று நான் எழுதி அனுப்புவேன், வீட்டில் அம்மா ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருப்பாள். "எங்க பிள்ள போய்ப் பேசினா அவனுங்க நிறுத்திடுவானுங்க" என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்.

போன தீபாவளிக்கு வந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒரு தாள் எழுதறதுக்கு ரெண்டு நாளு ப்பா. எல்லாரும் தலையாட்டினாத்தான் ஒரு வரி நிக்கும். ஒருத்தரு ஆட்டலன்னா அந்த வரி போச்சு. பொக எங்கேர்ந்து வருதுன்னு எங்கேயும் எழுதக்கூடாது. ஏதோ வானத்துலேர்ந்து தானா எறங்கின மாதிரி எழுதணும்." அம்மா, "அப்ப எதுக்கு அங்க போய் உக்காந்திருக்க?" என்றாள். நீ சிரித்தாய். "கடைசியில ரெண்டு பக்கமும் அவங்க ஊருக்குத் திரும்பிப் போயி, நாங்கதான் ஜெயிச்சோம்னு சொல்லணும்மா. அந்த மாதிரி ஒரு வரி கண்டுபுடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்." அன்று உன் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த உலகத்தில் நாடுகள் வெப்பமானியில் படித்ததைப் படித்தபடி சொல்லின. நீ சொன்ன உலகத்தில் அதே நாடுகள், கண்ணெதிரே எரிகிற நெருப்பைப் பெயர் சொல்லக் கூசின. இரண்டும் ஒரே நாடுகள்தானே? யோசித்துப் பார்த்தேன். வெப்பத்தைச் சொல்வதால் யாருக்கும் நஷ்டம் இல்லை, புகையைச் சொன்னால் யாருக்கோ நஷ்டம். அவ்வளவுதானா என்று தோன்றியது. அவ்வளவுதான் என்றால், நான் பெருமைப்பட்டதெல்லாம் நஷ்டமில்லாத இடத்தில் காட்டிய நாகரிகம் மட்டும்தானா? அங்கேயே என் யோசனை நின்றுவிட்டது.

அந்தத் தீபாவளியில்தான் ரத்னாவைப் பற்றியும் சொன்னாய். மேடான் தமிழ்ப் பெண், ஜகார்த்தாவில் வேலை. அம்மாவின் முதல் கேள்வி, "அந்தப் பொக வருதே, அந்தப் பக்கமா?" அதன் பிறகு நீ அவளை இங்கே கூட்டி வந்தாய். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வந்தது. என்னை அவர்கள் ஊர் வழக்கப்படி 'ஓம்' என்று கூப்பிட்டாள், மாமா என்று அர்த்தம். அம்மா அடுப்படியிலிருந்து என் காதில், "பரவால்லங்க, வாயத் தொறந்தாலே சாமி பேருதான் வருது" என்றாள். நான் திருத்தவில்லை. நல்லதாக நடந்துகொண்டிருக்கும்போது திருத்தக் கூடாது என்பது என் பழக்கம். பழக்கம் நல்லதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நிச்சயத்துக்கு நானும் அம்மாவும் மேடான் போனோம். உனக்கு ஏதோ கூட்டம், வர முடியவில்லை. ரத்னாவின் அப்பாவுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை. பெரிய உடம்பு, பெரிய குரல். மலாயைப் போலவே இருக்கும் அவர்கள் மொழியில்தான் பேசுவார், நடுவில் ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் வரும். என்னை 'பாக் சம்பந்தி' என்று கூப்பிட்டார். பாக் என்பது அங்கே மரியாதை. அவருடைய பாட்டனாரும் என் பாட்டனாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கப்பல் ஏறியிருக்கிறார்கள். ஒருவர் அந்தப் பக்கம் புகையிலைத் தோட்டத்துக்குப் போனார், ஒருவர் இந்தப் பக்கம் தாப்பாவுக்கு அருகே ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். நடுவில் கோடு போட்டவர்கள் வேறு ஆட்கள். கல்யாணம் பெண் வீட்டில்தான் என்று அவர் சொன்னார். அம்மா முகம் வாடினாள், ஆனால் ஒத்துக்கொண்டாள். சாப்பாடு அவர்கள் சமையல்காரர் என்றார்கள். அதற்கும் ஒத்துக்கொண்டாள். முகூர்த்தம் என்று வந்தபோது அவர்கள் பூசாரி குறித்துக் கொடுத்தது வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்து. அம்மா கைப்பையைத் திறந்து நம் புந்தோங் குருக்கள் குறித்துக் கொடுத்ததைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்து! "எங்களுக்கும் அதே! எங்களுக்கும் அதே!" என்று இரண்டு அம்மாக்களும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார். எல்லாருக்கும் லட்டு வந்தது. நானும் ஒன்று சாப்பிட்டேன். என் கையில் ஈப்போ நேரம் காட்டும் கடிகாரம், எதிர்ச் சுவரில் மேடான் நேரம் காட்டும் கடிகாரம். இரண்டையும் நான் பார்த்தேன், தம்பி. பார்த்துக்கொண்டேதான் லட்டைத் தின்றேன். அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில் எனக்குக் கணக்கே ஓடவில்லை. அதுதான் நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில்.

போன வாரம் நீ அனுப்பிய விமானச் சீட்டை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பினாங்கில் பத்து மணிக்கு ஏறி மேடானில் பத்து மணிக்கு இறங்கும் விமானம். "என்னாங்க இது, பத்து மணிக்கு ஏறி பத்து மணிக்கே எறங்குறோம்? இந்த ஃபிளைட்டு பறக்குமா, சும்மா நின்னுட்டு எறக்கி விட்ருமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து, அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் இருக்கும் என்று விளக்கினேன். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கேட்டாளே என்று உற்சாகமாகவே விளக்கினேன். பாதியில் அவள் சிரிப்பு நின்றது. "அப்ப அவங்க ஒம்பதுன்னா நமக்கு?" பத்து என்றேன். "அவங்க பத்துன்னா?" பதினொன்று என்றேன். "வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குதுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையே இரண்டு அம்மாக்களும் போனில் பேசினார்கள். நம் நேரப்படி ஒன்பதுக்கு, அதாவது அங்கே எட்டு மணிக்கு வையுங்கள் என்றாள் அம்மா. எங்கள் ஊரில் எங்கள் கடிகாரம் என்றார்கள் அவர்கள். அங்கே ராகு காலம் அவர்களுடைய பத்தரைக்குத்தான் வரும், கல்யாணம் அதற்குள் முடிந்துவிடும் என்றார்கள். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். சூரியன் ஈப்போவிலிருந்து மேடானுக்குப் போகப் பத்து நிமிடம்கூட ஆகாது, ஒரு மணி நேரம் என்பது மனிதர்கள் வைத்துக்கொண்டது என்றேன். நம் நாடு, கிழக்கே கடல் கடந்திருக்கும் மாநிலங்களோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று முன்னொரு காலத்தில் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்ததையும் சொன்னேன். அன்று ராகு காலத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை, சூரியனைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும் என்றேன்.

"சூரியனையா பத்திரிக வச்சு கூப்பிட்டிருக்கோம்?" என்றாள்.

"இல்ல, நான் என்னா சொல்ல வரேன்னா..."

"எடத்த விட்டுக் குடுத்தாச்சு. சாப்பாட்ட விட்டுக் குடுத்தாச்சு. புள்ளையும் அந்த நாட்டுலதான் இருக்கப் போறான். நேரமாவது நம்மளோடதா இருக்கட்டும்னு சொல்றேன். அது தப்பாங்க?"

தப்பு இல்லை என்றேன். உலக நேரம் என்று ஒன்று இருக்கிறது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதது, எல்லாரும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறோம் என்று ஏதோ சொல்லப் பார்த்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "யாருக்கும் சொந்தமில்லாத நேரத்துல எப்படிங்க கல்யாணம் பண்றது?"

அந்தக் கேள்வியை நான் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். நான் பிறந்த தோட்டத்தில் வீட்டுக்கு வீடு கடிகாரம் கிடையாது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்கு, ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். அதுதான் நேரம். அது துரையுடைய நேரம். எங்கள் அப்பா அந்தச் சத்தத்துக்கு எழுந்து, அந்தச் சத்தத்துக்கு ஓடி, அந்தச் சத்தத்துக்குப் பயந்தே வாழ்ந்தவர். வேலைக்குச் சேர்ந்து உலக நேரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்த நிம்மதிக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இது எந்தத் துரையும் அடிக்கிற மணி இல்லை என்று நினைத்தேன். உன் அம்மாவோ நேரம் என்றால் யாராவது ஒருவருடையதாக இருக்க வேண்டும், இந்த முறையாவது அது தன்னுடையதாக இருக்கட்டும் என்கிறாள். என்னுடைய நிம்மதியைக் காட்டி அவளுடைய ஆசையைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கூட்டங்களில் கொடியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் ஒருவேளை இதைத்தான் சொல்கிறார்களோ? எத்தனையோ முறை மற்றவர் அடித்த மணிக்கு ஓடியவர்கள், இது எங்கள் மணி என்று சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வார்களோ? இதை எழுதியவுடனே எனக்கு மறுப்பும் தோன்றுகிறது. காட்டைக் கொளுத்தியவனும் அதே வாக்கியத்தைத்தானே சொல்கிறான், எங்கள் நாடு எங்கள் இஷ்டம் என்று? இரண்டு பேரையும் எப்படிப் பிரித்தறிவது? உனக்குத் தெரிந்தால் எனக்கு எழுது.

இனி, நேற்று நான் போனை வைத்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நான் ஒரு தாளில் இரண்டு கோடுகள் போட்டேன். ஒன்று அவர்கள் கடிகாரம், ஒன்று நம் கடிகாரம். அவர்கள் முகூர்த்தம் அவர்கள் ஒன்பதில் ஆரம்பிக்கிறது. அப்போது நமக்குப் பத்து. நம் ராகு காலம் பத்தரைக்குத்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே நடுவே ஓர் அரை மணி நேரம் இருக்கிறது. அவர்கள் முகூர்த்தத்துக்குள்ளும் இருக்கிறது, நம் ராகு காலத்துக்கு வெளியேயும் இருக்கிறது. நம் குருக்கள் குறித்த ஒன்பது பத்து போய்விடும், அதை அம்மா விட்டுக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு மணி நேர முகூர்த்தம் பாதியாகக் குறையும், அதை அவர்கள் விட்டுக் கொடுக்க வேண்டும். குருக்களிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். அவர் மூன்றாவதாக ஒரு நேரத்தைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கேட்கவில்லை. நீ சம்பளம் வாங்கிக்கொண்டு தேடுகிற அந்த ஒரு வரி இந்த மாதிரிதான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தாளில் இருந்தால் போதாதே, யாராவது போன் போட வேண்டுமே. இதுவரை எல்லாவற்றையும் நீதான் பேசினாய். உன்னைக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று காலை அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து நானே சம்பந்தியைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை முன்பே ஒரு துண்டுத் தாளில் மலாயில் எழுதி வைத்துக்கொண்டேன். அவர் எடுத்தவுடன், "பாக் சம்பந்தி! சண்ட போடவா, சமாதானமா?" என்றார். குரல் பெரியதுதான், ஆனால் நடுநடுவே மூச்சு வாங்கியது. நான் துண்டுத் தாளைப் படித்தேன். ஒன்பதுக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் தாலி கட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஒம்பதுக்கா? எட்டுக்கு இல்லையே?" என்றார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

எட்டுக்கு இல்லை, உங்கள் ஒன்பதுக்கு என்றேன்.

"அப்படின்னா சரி. சரி, சரி. ஒம்பதுன்னா நான் வந்துருவேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாக் சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், உங்க வீட்டம்மாகிட்ட பக்குவமாச் சொல்லுங்க. எனக்குச் சிறுநீரகம் ரெண்டும் போச்சு. வாரத்துல மூணு தடவ ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்றாங்க. செவ்வாயும் சனியும் போக, வியாழக்கிழம ஒண்ணு. மறுநாள் காலையில எந்திரிக்கிறதே பெரும்பாடு. எட்டு மணிக்கு மணவறைக்கு வந்து நிக்க என்னால ஆவாது."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பொண்ணோட அப்பன் நோயாளின்னா பையன் வீட்டுல என்னா நினைப்பாங்க? ஈப்போவுக்கு வர முடியாதுன்னு சொல்ல வெட்கம், அதான் பொண்ணு வீட்டு வழக்கம்னு சொன்னேன். எட்டு மணிக்கு முடியாதுன்னு சொல்ல வெட்கம், அதான் எங்க கடிகாரம்னு சொன்னேன். நீங்க ராகு காலம்னு சொன்னீங்க, நான் எங்க நாடுன்னு சொன்னேன்." பிறகு சிரித்தார். "கவலப்படாதீங்க. நான் நாற்காலிக் கடைக்காரன். நடக்க முடியலன்னா நாற்காலியோட தூக்கிட்டு வந்து வச்சிருவானுங்க. வாடகை கேக்கமாட்டேன்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றேன். இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே, அப்படியானால் இத்தனை நாள் சண்டை எதற்கு? நான் கண்டுபிடித்த அரை மணி நேரத்தால் முடிந்ததா? கோடு போட்டுக் கணக்குப் பார்த்ததை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. எட்டு இல்லை என்ற ஒன்றை மட்டும்தான் கேட்டார். அப்படியானால், ஒருவர் உடம்புக்கு என்ன என்று மற்றவர் கேட்டிருந்தால் போதுமா? அதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாரும் பார்க்கும்படி லட்டு தின்ற கூடத்தில் அவர் சொல்லியிருக்கமாட்டார். ஒருவேளை கூட்டமும் வேண்டும், கூட்டத்துக்கு வெளியே ஒரு போனும் வேண்டும் போலிருக்கிறது. தம்பி, இதை வைத்து நாடுகள் இப்படித்தான் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. இரண்டு வீடுகள் வேறு, நாடுகள் வேறு. நாட்டுக்குச் சிறுநீரகம் கிடையாது, கூப்பிட்டால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் எடுத்துப் பேசப் போவதில்லை. ஆனாலும் உன் கூட்டத்தில் ஒருவர் தலையாட்டாமல் உட்கார்ந்திருக்கும்போது, அவர் சொல்கிற காரணத்துக்குப் பின்னால் சொல்லக் கூசுகிற காரணம் ஒன்று இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார். பாதி நேரம் அங்கே ஒன்றுமே இருக்காது, வெறும் பேராசையாக இருக்கும். மறு பாதிக்காக நினைத்துப் பார். வேலையை விட்டுவிடவா என்று அந்தத் தீபாவளியில் கேட்டாயே, அதற்கும் என்னிடம் பதில் இல்லை. யாரும் நன்றி சொல்லாத அந்த எண்களைத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை, அது மட்டும் தெரியும்.

அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்தாள். பையை இறக்கி வைக்கக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அரை மணி நேரத்தை முதலில், சம்பந்தியின் உடம்பைப் பிறகு. அரை மணி நேரத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பைப் பற்றிச் சொன்னபோது, "அடப்பாவமே" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆயத் தொடங்கினாள். நான் தாளை எடுத்து வந்து மேசை முன் உட்கார்ந்தேன். இதுவரை எழுதியதெல்லாம் அப்போதிலிருந்து எழுதியதுதான். மழை வந்து நின்றுவிட்டது. விமானம் ஏறுவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த இல்லை வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும்.

இப்போதுதான், போன வரியை எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, இன்னிக்கும் அவருக்கு ஆஸ்பத்திரி நாளாத்தானே இருக்கும்? இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாரா? ஒரு வார்த்த பேசலாம்னு பாக்குறேன்" என்றாள். பிறகு நம் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அங்க இப்ப மணி என்னாங்க?"

காலமெல்லாம் இதையே வேலையாகச் செய்தவன், தம்பி. ஒன்றைக் கூட்டுவதா, கழிப்பதா என்று எனக்குச் சட்டென்று வரவில்லை. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

அப்பா